தறிச்சத்தம், லாரிச்சத்தம்: ஊருக்குள் இரைச்சலைக் குறைக்க எந்த வரிசையில் போவது

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருக்கும். திருப்பூரில் நிட்டிங் கம்பெனியும் வாடகை வீடும் ஒரே காம்பவுண்டுக்குள் கிடக்கும். கோவையில் லேத் பட்டறைக்கு மேல்மாடியிலேயே குடித்தனம் நடக்கும். இப்படிப்பட்ட இடங்களில் இரைச்சல் தாங்க முடியாதவர்கள் முதலில் செய்வது மனு எழுதுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

எந்த இயந்திரம், எந்த நேரம், எந்த வழியாக வருகிறது என்ற மூன்றும் தெரியாமல் கொடுக்கும் மனு, "ஆய்வு செய்யப்பட்டது, வரம்புக்குள் உள்ளது" என்று ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிடும். அதற்கப்புறம் ஆலைக்காரரிடம் பேசப் போனால் அவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதனால் வரிசைதான் இங்கே முக்கியம்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

மூன்று நான்கு வீட்டாராவது ஒன்றாகச் சேருங்கள். ஒரே வீட்டிலிருந்து புகார் போனால் அதை வழித்தட வழக்கு, பங்காளிச் சண்டை கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்த ஆலையில் வேலை பார்ப்பவர் ஒருவர் உங்கள் பக்கம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ராத்திரி ஷிப்டில் எது ஓடுகிறது, எதை நிறுத்தினால் உற்பத்தி கெடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு நோட்டு, ஒலியளவு காட்டும் செயலி உள்ள கைபேசி, தெருவின் கைவரைபடம், இவை போதும். வரைபடத்தில் ஆலையின் வாசல், ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன், ஜெனரேட்டர் இருக்கும் மூலை, லாரி நிற்கும் இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். திசையையும் போடுங்கள். அது ஏன் என்பது நான்காம் படியில் வரும்.

உங்கள் இடம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பா, வணிகமா, தொழிற்பகுதியா என்று உள்ளாட்சி அலுவலகத்திலோ நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒலி வரம்பு இதை வைத்துத்தான் மாறும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக்கு அதிகாரி வந்து நிற்கும்போதுதான் தங்கள் தெரு தொழிற்பகுதியாகக் குறிக்கப்பட்டிருப்பதே தெரியவருகிறது.

2. எந்தச் சத்தம் என்று பிரிப்பது

"மில்லுச் சத்தம்" என்று ஒன்று கிடையாது. ஒரு நூற்பாலையில் ஈரப்பதம் காக்கும் பெரிய மின்விசிறிகள், கம்ப்ரஸர், ஸ்பிண்டில்கள், ஜெனரேட்டர், பேல் (பஞ்சுப் பொதி) இறக்கும் லாரி எல்லாம் தனித்தனி மூலங்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் ஆலையைச் சுற்றி மெதுவாக நடந்து பாருங்கள். அடித்தொண்டையில் ம்ம்ம் என்று விடாமல் வந்தால் விசிறி. சில நிமிடம் ஓடி, புஸ்ஸென்று காற்றை விட்டு நின்று, மறுபடியும் தொடங்கினால் கம்ப்ரஸர். தடக் தடக் என்றால் நாடாத்தறி. கீச்சென்று இழுத்தால் தளர்ந்த பெல்ட்டோ கிரீஸ் காணாத பேரிங்கோ.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், ஒலியை அளக்கும் அலகான டெசிபல்கள் சாதாரணக் கூட்டல் கணக்கில் சேர்வதில்லை. 70 டெசிபல் கம்ப்ரஸரும் 60 டெசிபல் விசிறியும் சேர்ந்தால் 130 ஆகாது, 70.4 தான் வரும். விசிறியை முழுக்க நிறுத்தினாலும் உங்கள் வீட்டில் ஒரு மாற்றமும் தெரியாது. பெரிய மூலத்தை விட்டுவிட்டு எளிதான மூலத்தில் காசு போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. முதலாளி செலவு செய்திருப்பார், தெருவில் யாருக்கும் பலன் இருக்காது, அடுத்த முறை அவர் பையை அவிழ்க்க மாட்டார்.

இன்னொரு சோதனையும் உண்டு. தறிக்குடோனும் வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டிருந்தால், ஒரு சில்வர் டம்ளரில் நிறையத் தண்ணீர் எடுத்துத் தரையில் வையுங்கள். தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக அலை ஓடினால் அதிர்வு தரை வழியாகவும் வருகிறது என்று அர்த்தம். அப்படியானால் ஜன்னலை அடைப்பது மட்டும் உதவாது.

3. இரண்டு வாரக் குறிப்பு

தேதி, நேரம், என்ன சத்தம், எத்தனை நேரம், காற்று எந்தப் பக்கம். நோட்டில் ஐந்தே கட்டங்கள். "தினமும் தூக்கமில்லை" என்ற வரிக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. "இரவு 11.40 முதல் 2.15 வரை கம்ப்ரஸர்" என்ற வரியை ஆலையின் ஷிப்ட் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோபத்தைக் குறிப்பில் எழுதாதீர்கள். அந்த நோட்டை நாளைக்கு ஆலைக்காரரே வாங்கிப் படிப்பார்.

4. அளப்பது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

கைபேசிச் செயலி சில டெசிபல் கூடக் குறையத்தான் காட்டும். சட்டத்தின் முன் அது சான்றாக நிற்காது. ஆனால் எது பெரியது, எந்த நேரம் அதிகம் என்று ஒப்பிட அதுவே போதும். ஒரே கைபேசி, ஒரே இடம், ஒரே உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் 'ஏ' எடையிடல் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளப்பது, dBA) இருக்கட்டும், ஏனென்றால் சட்ட வரம்புகள் அந்த அளவில்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் (NIOSH) இலவசமாகத் தரும் செயலி நல்லது.

தரையிலிருந்து மார்புக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில், அதாவது 1.2 முதல் 1.5 மீட்டரில் பிடியுங்கள். சுவரை ஒட்டி நிற்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து எண் ஏறிவிடும். மைக்கில் காற்று அடித்தாலும் அப்படித்தான்.

ஒரு நொடியில் தெரிந்த உச்ச எண்ணைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். வரம்பு பேசுவது சராசரி அளவை. செயலியில் அது லெக் (Leq) என்று இருக்கும். இந்தச் சராசரியும் நாம் பள்ளியில் போட்ட சராசரி இல்லை. பாதி நேரம் 50, பாதி நேரம் 70 என்றால் 60 வராது, 67 வரும். சத்தமான நேரம் மொத்தக் கணக்கையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் கையால் கூட்டி வகுக்காமல் செயலியை 15 நிமிடமாவது ஓட விடுங்கள்.

அடுத்தது பின்னணி அளவு. ஆலை ஓடாதபோது தெரு எவ்வளவு சத்தம் என்று தெரியாவிட்டால், "ரோட்டுச் சத்தம்தானுங்க அது" என்ற பதிலுக்கு மேல் உங்களால் பேச முடியாது. இதற்கு நம்மூரில் தானாகவே வாய்ப்பு வரும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள், வார விடுமுறை, பொங்கலுக்குத் தறி நிற்கும் நாட்கள். மின்தடை அன்று ஜெனரேட்டர் ஓடினால் அது பின்னணி ஆகாது. ஆனால் ஜெனரேட்டரைத் தனியாக அளக்க அதைவிட நல்ல நாளும் கிடையாது. நோம்பி நாளில், ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போது எதையும் அளக்க வேண்டாம்.

ஆலை ஓடும்போதும் நிற்கும்போதும் வித்தியாசம் 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் சத்தம் ஆலையுடையதுதான், சந்தேகமில்லை. வித்தியாசம் 3 தான் என்றால் ஆலையும் சாலையும் சரிபாதி. அதற்கும் கீழே என்றால் ஆலையை விட்டுவிட்டு எட்டாம் படிக்குப் போங்கள்.

இப்போது திசைக்கு வருவோம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசும். ஆலைக்குக் கிழக்கே இருக்கும் வீட்டுக்கு அப்போது சத்தம் அதிகமாக வரும், மேற்கே இருக்கும் வீட்டுக்குக் குறைவாக இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குக் காற்று வந்தால் நிலைமை திரும்பிவிடும். மார்கழி, தை மாத இரவுகளில் காற்று நின்று தரை குளிர்ந்து கிடக்கும்போது ஒலி மேலே போகாமல் வளைந்து தரைக்கே இறங்கும். ரொம்ப தூரத்து ரயில் சத்தம்கூட அப்போது காதில் விழுவது அதனால்தான். உங்களுக்கு மோசமான பருவம் எதுவோ அதில் அளக்க வேண்டும். எதிர்க்காற்றில் அதிகாரியை அழைத்து அளக்க வைத்துவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

5. எண்களை எதோடு ஒப்பிடுவது

ஒலி மாசு ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாட்டு விதிகள், 2000 சொல்லும் வரம்பு, டெசிபல் ஏ அளவில்: தொழிற்பகுதியில் பகல் 75, இரவு 70. வணிகப் பகுதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. அமைதிப் பகுதியில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம்; அறிவித்தால்தான் அந்த வரம்பு பொருந்தும்.

இதே விதிகளில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம் என்கிறது ஏழாம் விதி. குடியிருப்பில் இரவு 48 காட்டுகிறது என்று ஓடினால் கை கொடுக்காது. 55 என்றால் நிற்கும். இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினால் இந்த 10 டெசிபல் கணக்கு தேவையில்லை.

ஜெனரேட்டருக்குத் தனி விதி. 2005-க்குப் பிறகு தயாரான, 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டர், தன் கூண்டிலிருந்து 1 மீட்டர் தள்ளி 75-ஐத் தாண்டக் கூடாது. "எங்க ஜெனரேட்டர் சர்ட்டிபிகேட் வாங்கினதுங்க" என்று காட்டுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல்தான் குறையும். 1 மீட்டரில் 75 என்றால் 8 மீட்டரில் 57. கூண்டு பெரியது என்பதால் நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். சட்டப்படி சரியான ஜெனரேட்டரே பக்கத்து வீட்டு ஜன்னலில் இரவு வரம்பைத் தாண்டும். ஆகவே பேச வேண்டியது இயந்திரத்தைப் பற்றி அல்ல, அது நிற்கும் இடத்தைப் பற்றி.

6. பேசப் போவது

அளவு கையில் வந்த பிறகு, மனுவுக்கு முன்னால். ஊரில் அந்த ஆலையை நம்பிப் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. "மூடு" என்று கேட்டால் ஊரே எதிராக நிற்கும். கேட்பது சிறியதாகவும் குறிப்பாகவும் இருக்க வேண்டும்: "ஏனுங்ணா, ராத்திரி பத்து மணிக்கு மேல அந்தத் தெக்குப் பக்கத்துக் கம்ப்ரஸர மட்டும் நிறுத்தி வெக்க முடியுங்களா?" இதற்கு முடியும், முடியாது என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். "சத்தத்தக் குறைங்க" என்றால் "பாக்கறேனுங்க" என்ற பதிலோடு முடிந்துவிடும்.

கூட்டமாகப் போகாதீர்கள். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் வயதில் மூத்தவராக இருக்கட்டும். மாலை நேரம் அலுவலகத்தில் போய்ப் பாருங்கள், கேட் வாசலில் நின்று பேச வேண்டாம். மேலாளர், ஃபிட்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசுவது நல்லது. செய்யப்போவது ஃபிட்டர்தான்.

7. ஆலைக்குள் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்

முதலில் காசு அதிகம் ஆகாத பராமரிப்பு. தளர்ந்த போல்ட், ஆடும் தகரக் காப்பு, தேய்ந்த பிக்கர் (தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் பாகம்), பேரிங், பெல்ட். அப்புறம் காற்றுக் கசிவு. கம்ப்ரஸர் லைனில் கசிவு இருந்தால் அது இரவு முழுக்க வீணாக ஓடிக்கொண்டிருக்கும். சோப்பு நுரை தடவிப் பார்த்தாலே கசியும் இடம் தெரிந்துவிடும். கசிவை அடைத்தால் கரண்ட் பில்லும் குறைகிறது என்பதால் எந்த முதலாளியும் மறுக்க மாட்டார். அதனால்தான் இது முதலில்.

இரண்டாவது, வேகம். பெரிய விசிறியின் சுழற்சியை 20 சதவீதம் குறைத்தால் ஒலி ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும்; அது எடுக்கும் மின்சாரம் பாதியாகும். இரவில் வெயில் இல்லாதபோது அத்தனை காற்றும் பெரும்பாலும் தேவைப்படாது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவியைப் பொருத்தி இரவுக்கு ஒரு வேகம், பகலுக்கு ஒரு வேகம் வைக்கலாம். ஆனால் நூற்பாலையில் ஈரப்பதம் குறைந்தால் நூல் அறும். எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அறுப்பு கூடாத அளவில் நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இடமும் திசையும். சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனைக் குடியிருப்பு இல்லாத பக்கம் மாற்றுவது, லாரி ஏற்றும் கேட்டை மெயின் ரோட்டுப் பக்கம் வைப்பது, பேல் இறக்கும் வேலையை இரவு 10-க்கு முன் முடிப்பது.

இதெல்லாம் ஆன பிறகுதான் அடைப்பு. எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் 50 டெசிபல் வரை தடுக்கும். அதே சுவரில் நூறில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் 20-க்கு மேல் தடுக்காது. சத்தம் தண்ணீர் மாதிரி, சந்து கிடைத்தால் அதன் வழியாக வந்துவிடும். தறிக்குடோன்களில் அந்தச் சந்து பெரும்பாலும் சுவர் முடிந்து சிமெண்ட் அட்டை தொடங்கும் இடத்தில் இருக்கும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. மத்தியானம் உள்ளே நின்று மேலே பாருங்கள், வெளிச்சக் கோடு தெரியும்.

அதைச் சும்மா அடைத்தால் உள்ளே வெக்கை தாங்காது. ஒரு வாரத்தில் ஓட்டுபவர்களே கட்டையால் இடித்துத் திறந்துவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அடைக்கும்போதே காற்றுக்கு வேறு வழி வைக்க வேண்டும். இரண்டு வளைவு உள்ள, உள்பக்கம் 50 மி.மீ. ராக்வூலும் (கல்லிழைப் பஞ்சு) அதன் மேல் துளையிட்ட தகடும் பதித்த காற்றுப்பாதை. காற்று வளைந்து போகும், ஒலி ஒவ்வொரு வளைவிலும் பஞ்சில் மோதிக் குறையும்.

தெர்மாக்கோல், முட்டை அட்டை, கோணிப்பை கட்டும் வேலை வேண்டாம். ஒலியைத் தடுப்பது எடை. எடையில்லாத பொருள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளியே போகும் சத்தத்தைத் தடுக்காது. போதாக்குறைக்குப் பஞ்சு பறக்கும் இடத்தில் தெர்மாக்கோல் தீக்கு விருந்து.

தரை வழி அதிர்வுக்குத் தறியின் கால்களுக்கு அடியில் ரப்பர் பேட். கம்ப்ரஸர் குழாய் சுவரைத் தொடும் இடத்தில் வளையும் இணைப்பு. குழாயை நேராகச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் சுவர் முழுக்க ஒலிபெருக்கி ஆகிவிடும்.

தறிகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். 20 தறியில் 10-ஐ நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் இறங்கும். அவருக்குப் பாதி வருமானம் போகும், உங்கள் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரவு நேரத்தில் முழுதாக நிறுத்துவதா என்பது வேறு பேச்சு.

8. சாலைச் சத்தம்

இதில் பேச்சுவார்த்தைக்கு ஆள் கிடையாது, அதனால் சின்னச் சின்னக் காரணங்களைத் தேட வேண்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி போகும் ஊர்ச்சாலைகளில் வீட்டாரை எழுப்புவது எஞ்சின் அல்ல, வேகத்தடையில் காலி லாரியின் பாடி தூக்கி அடிக்கும் சத்தம். வீட்டு வாசலுக்கு நேராக இருக்கும் உயரமான வேகத்தடையைச் சாய்வாக மாற்றவோ தள்ளி வைக்கவோ கேளுங்கள். குழிக்கும் இது பொருந்தும். ஊராட்சியின் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா, சேலம்–கொச்சி 544 போன்ற தேசிய நெடுஞ்சாலையா என்று பார்த்துக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மாதக்கணக்கில் சுற்றும்.

தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதும், சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவின்படி குற்றம். முதல் முறை 1000 ரூபாய், அடுத்தடுத்து 2000. வண்டி எண், நேரம், இடம் எழுதிக் கொடுத்தால் போக்குவரத்துப் போலீஸார் எடுத்துக்கொள்வார்கள். பள்ளி, மருத்துவமனை அருகே என்றால் அமைதிப் பகுதிப் பலகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

தடுப்புச் சுவர் கட்டினால், வீட்டிலிருந்து பார்க்கும்போது வண்டியின் டயரும் எஞ்சினும் மறைய வேண்டும். அப்படி மறைந்தால் முதல் 5 டெசிபல் கிடைக்கும். சுவருக்கு அடியில் சந்து கூடாது, கேட் இடைவெளி நேராகச் சாலையைப் பார்க்கக் கூடாது. மாடி வீட்டுக்கு இது உதவாது. அங்கிருந்து சாலை தெரியத்தானே செய்கிறது.

ஒரு வரிசை வேப்பமரம் நட்டால் சத்தம் குறையும் என்பது நம்பிக்கை மட்டுமே. 30 மீட்டர் அடர்த்தியான தோப்பு இருந்தால்தான் சில டெசிபல் குறையும். தூசிக்கும் நிழலுக்கும் தாராளமாக நடுங்கள்.

போர் போடும் வண்டி மாதிரி ஓரிரு நாளில் போய்விடும் சத்தத்துக்கு இத்தனை வரிசை வேண்டாம். விடிந்த பிறகு ஓட்டச் சொல்லிக் கேட்டாலே போதும்.

9. மனு

பேசி ஒன்றும் நடக்காவிட்டால் மட்டும். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, அந்த ஆலைக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்த இயந்திரங்களுக்கு அனுமதி, ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ என்பது அதில் இருக்கும். அனுமதியில் இல்லாத இயந்திரம் ஓடினால், டெசிபல் சண்டையே தேவைப்படாமல் போகலாம்.

அப்புறம் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு மனு. ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்: இடம், நிலவகை, மூலம், நேரம், அளவு, ஏற்கனவே பேசிய தேதி. நோட்டின் நகலை இணையுங்கள். "இரவு 11 மணிக்கு மேல் அளக்க வேண்டும்" என்று தனி வரியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போவார்கள். ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டம். அதற்கும் மேல், பொதுத் தொல்லையை நீக்கக் கோரி கோட்டாட்சியரிடம் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-ஆம் பிரிவின் கீழ் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அதுவரை போக வேண்டிய அளவுக்கு வழக்கு இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

10. மறுபடி அளப்பது

வேலை முடிந்ததும் அதே இடம், அதே கைபேசி, அதே நேரத்தில் அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 3 டெசிபலுக்குக் கீழே குறைந்திருந்தால் யாருக்கும் தெரியாது. 10 குறைந்தால் காதுக்குப் பாதியானது போல இருக்கும். குறையவில்லை என்றால் செய்த வேலை வீண் என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் பெரிய மூலம் அடங்கி, அதுவரை கேட்காமல் இருந்த இரண்டாவது மூலம் மேலே வந்திருக்கும். இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

ராக்வூலில் பஞ்சு அடைந்துவிடும், ரப்பர் பேட் இறுகிவிடும், புது ஆள் வந்து ஜன்னலைத் திறந்து வைப்பார். வருடத்துக்கு ஒரு முறை, உங்கள் வீட்டுக்கு மோசமான காற்று வீசும் மாதத்தில், ஒரு இரவு அளந்து எண்ணை மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.